குளத்தங்கரை முதல் நீர்ப்பூங்கா வரை: குமரி மாவட்டத்தில் ஒரு விடுமுறை நாளின் வரலாறு

2000-களில் ஒரு மே மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கன்னியாகுமரியிலிருந்து கோவளம் போகும் சாலையில் உள்ள பே வாட்ச் தீம் பார்க்கின் வாசலில் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. அப்பா டிக்கெட் கவுண்டரில் வரிசையில் நிற்கிறார். அம்மாவின் கையில் துண்டும் மாற்றுத் துணியும் அடங்கிய பை. பிள்ளைகள் இரண்டும் உள்ளே தெரியும் உயரமான சறுக்குகளைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கின்றன. கூட வந்த பாட்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"குளிக்கதுக்குமா டிக்கெட்டு?"

இப்படி ஒரு காட்சியை மாவட்டத்தில் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். பாட்டியின் கேள்வியைக் கேட்டு எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அது சிரித்து விட்டுவிடக் கூடிய கேள்வி அல்ல. ஏரி, குளம், வாய்க்கால், ஆறு, அருவி, கடல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் இருக்கும் நாஞ்சில் நாட்டில் குளிப்பதற்கு எதற்குக் காசு? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் எல்லாம் யார் வேண்டுமானாலும் இறங்க முடிந்ததா?

முடியவில்லை என்பதுதான் வரலாறு. ஒரு குடும்பம் விடுமுறை நாளில் தண்ணீரில் விளையாடப் போவது இன்று சாதாரண விஷயம். அந்தச் சாதாரண நாள் வருவதற்கு இந்த மண்ணில் நூறாண்டுக்கும் மேல் ஆனது.

தண்ணீருக்கும் வாசல் இருந்தது

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதி வரை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில் நாட்டைச் சொல்வார்கள். பழையாறும் அதன் கால்வாய்களும் ஆயிரக்கணக்கான குளங்களும் சேர்ந்துதான் அந்தப் பெயரை வாங்கித் தந்தன.

அந்தக் காலத்தில் குளம் என்பது பாசனத்துக்கு மட்டும் அல்ல. அதுதான் குளியலறை, துணி துவைக்கும் இடம், நீச்சல் பள்ளி, ஊர்ச் செய்தி பேசும் இடம். ஆண்களுக்கு ஒரு படித்துறை, பெண்களுக்கு ஒரு படித்துறை. பிள்ளைகள் வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டோ, முதுகில் தேங்காய் நெற்றைக் கட்டிக்கொண்டோ நீந்தப் பழகினார்கள். கரையில் நிற்கும் மரத்தின் கிளையிலிருந்து குதித்தார்கள். இன்றைய நீர்ப்பூங்காவில் இருக்கிற சறுக்கும் குதியும் அன்றைக்கு இலவசமாகவே கிடைத்தன!

ஆனால் எல்லோருக்கும் அல்ல. கோயில் குளங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் இறங்கக் கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவும் கூடாது. திருவிதாங்கூரில் தீண்டாமை மட்டும் அல்ல, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தூரக்கணக்கும் இருந்தது. உடுப்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. பெண்கள் மேல் உடம்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 19-ம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் நீடித்தது. 1859 ஜூலை 26-ம் தேதி வந்த அரச அறிவிப்புக்குப் பிறகுதான் நாடார் பெண்களுக்கு அந்த உரிமை சட்டப்படி கிடைத்தது. எந்தத் தண்ணீரில் இறங்கலாம், இறங்கும்போது எதை உடுத்தலாம் என்ற இரண்டையும் பிறப்பே தீர்மானித்தது.

சாமிதோப்புக் கிணறு

இதை மாற்ற முயன்ற முதல் பெரிய முயற்சி ஒரு கிணற்றடியில் நடந்தது. அய்யா வைகுண்டர் (1809 - 1851) சாமிதோப்பில் முத்திரிக் கிணறு என்ற பொதுக் கிணற்றை ஏற்படுத்தினார். பதினெட்டுச் சாதியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள், குளித்தார்கள். ஒரு சாதியார் தொட்ட தண்ணீரை இன்னொரு சாதியார் தொடாத காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார்க்கலாம். இன்றும் சாமிதோப்புத் தலைமைப்பதிக்கு வருகிறவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

அதே காலத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையில் வாகைப்பதி என்ற இடத்தில் துவையல் பந்தி நடந்தது. சுமார் 700 குடும்பங்கள் கடலோரத்தில் ஒன்றாகத் தங்கி, நாள்தோறும் மூன்று வேளையும் கடலில் குளித்து, துணி துவைத்து, சைவ உணவு உண்டு வாழ்ந்தன என்று அய்யாவழி மரபு சொல்கிறது. தூய்மை என்பது பிறப்பில் வருவது அல்ல, குளித்தால் எவருக்கும் வரும் என்பதை அந்த மக்கள் நடந்து காட்டினார்கள். குடும்பம் குடும்பமாகக் கடலில் இறங்கிய அந்தத் துவையல் பந்தி விளையாட்டு அல்ல, தவம். என்றாலும் பிற்காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு அது ஒரு வாசலைத் திறந்து வைத்தது.

சுசீந்திரம் போராட்டமும் 1936-ம்

அடுத்த பெரிய கட்டம் 20-ம் நூற்றாண்டில் வந்தது. 1924-ல் வைக்கத்தில் தொடங்கிய தெரு நுழைவுப் போராட்டம் 1925-ல் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. நாகர்கோவிலைச் சேர்ந்த டாக்டர் எம். இ. நாயுடு அதை முன்நின்று நடத்தினார். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அடி, வழக்கு, சிறை என்று பல ஆண்டுகள் இழுத்த போராட்டம் அது.

இதே காலத்தில் மராட்டிய மண்ணில் ஒரு குளத்துக்காகவே போராட்டம் நடந்தது. 1927 மார்ச் 20-ம் தேதி மகாத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சவ்தார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை ஏற்கனவே எல்லோருக்கும் பொது என்று அறிவித்திருந்தது. ஆனாலும் காகிதத்தில் திறந்த குளம் நேரில் திறக்கவில்லை. அவர்கள் குடித்த பிறகு குளம் தீட்டாகிவிட்டது என்று சடங்கு செய்து 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து 1937-ல்தான் உயர் நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்டோருக்குச் சாதகமாக முடிந்தது.

திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். பிறப்பின் காரணமாக எந்த இந்துவையும் அரசுக் கோயில்களில் நுழையத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூருக்கு வந்து, புதிதாகத் திறந்த கோயில்களுக்கு மக்களோடு சென்றார். அதில் அவருக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. 1925-ல் அவர் கன்னியாகுமரிக்கு வந்தபோது, கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்று சொல்லி அம்மன் கோயிலின் உட்பகுதிக்கு அவரை விடவில்லை!

தீம் பார்க் வாசலில் கேள்வி கேட்ட பாட்டி 1936-ல் சின்னஞ்சிறுமியாக இருந்திருப்பார். அவருடைய தாய் எந்தக் குளத்தில் குளித்தார், எந்தக் குளத்தைத் தூரத்தில் நின்று பார்த்தார் என்பது அவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது.

திருவிழாதான் விடுமுறை

தீம் பார்க் வருவதற்கு முன்பு குடும்பங்கள் எங்கே போயின? திருவிழாவுக்குத்தான். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், நாகராஜா கோயில் தைத் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை, கோட்டாறு புனித சவேரியார் கோயில் திருவிழா என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு காரணம் இருந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-ம் தேதி முடியும். மதம் பார்க்காமல் மக்கள் கூடும் விழா அது.

திருவிழா என்றால் ராட்டினம் இல்லாமலா? ஆள் கையால் சுற்றிய மரத் தொட்டில் ராட்டினத்திலிருந்து மோட்டாரில் சுற்றும் ராட்சத ராட்டினம் வரை பிள்ளைகள் பார்த்தார்கள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பலகை இடுக்கு வழியே பார்த்தார்கள். நாகர்கோவில் அனாதைமடம் மைதானத்தில் பொருட்காட்சி வந்தால் டெல்லி அப்பளமும் பஞ்சு மிட்டாயும் உண்டு. இந்தப் பொருட்காட்சிதான் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் தீம் பார்க். பத்து இருபது நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும் தீம் பார்க்!

குளியலும் விழாவோடு சேர்ந்தே இருந்தது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முக்கடல் சங்கமத்தில் பல்லாயிரம் பேர் நீராடுகிறார்கள். சிவராத்திரியில் நடக்கும் சிவாலய ஓட்டத்தில் பன்னிரண்டு கோயில்களுக்குக் கால்நடையாக ஓடும் பக்தர்கள் ஒவ்வொரு கோயிலிலும் குளித்த பிறகே உள்ளே போவார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று திற்பரப்பு மகாதேவர் கோயில். கோயிலுக்குப் பக்கத்திலேயே அருவி!

அணையும் அருவியும்

திற்பரப்புக்குத் தண்ணீர் தருவது கோதையாறு. அதன் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டிய அந்த அணைக்குப் பொறியாளர் ஹம்ப்ரே அலெக்சாண்டர் மிஞ்சின். மக்கள் அவரை 'மூக்கன் துரை' என்று அழைத்தார்கள். அவருடைய கல்லறையும் பேச்சிப்பாறையில்தான் இருக்கிறது. பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்தன.

அணை கட்டியது நெல்லுக்காக. ஆனால் அணை என்றால் பூங்காவும் வரும், பூங்கா என்றால் கட்டுச்சோற்றுடன் குடும்பங்களும் வரும். 1966-ல் மாத்தூரில் தொட்டிப்பாலம் கட்டி முடித்தார்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் வறண்ட பகுதிகளுக்குத் தண்ணீர் கொண்டு போவதற்காகக் காமராஜர் ஆட்சிக் காலத்தில் திட்டமிட்ட பாலம் அது. பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் தொட்டி போன்ற கால்வாய் போகிறது. அதன் ஓரமாக மக்கள் நடந்து போகலாம். வயலுக்குப் போகும் தண்ணீரைப் பார்க்கவே மக்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

திற்பரப்பு அருவியின் உயரம் சுமார் 50 அடி. ஆண்டில் ஏழு மாதம் போலத் தண்ணீர் விழும். அருவிக்கு மேலே ஆறு பரந்த பாறைப் படுகையில் ஓடி வருகிறது. கீழே பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளம், மேலே தடுப்பணையில் படகு. பேரூராட்சி சிறிய கட்டணம் வாங்குகிறது. இங்கே யாரும் சாதி கேட்பதில்லை. குளித்து முடித்ததும் எண்ணெய் வழியும் தலையோடு, இலையை விரித்துப் புளிச்சோற்றையும் துவையலையும் எடுத்து வைத்துச் சாப்பிடுவார்கள். இந்த மாவட்டத்துக் குடும்பச் சுற்றுலாவின் அசல் வடிவம் இதுதான்.

கடல் பக்கம் இன்னொரு வாசல் திறந்தது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் கடலில் நீந்திப் போய்ப் பாறையில் தியானம் செய்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1970-ல் ஏக்நாத் ரானடேயின் முயற்சியில் அங்கே நினைவு மண்டபம் எழுந்தது. நீந்தாமலே போகப் படகு விட்டார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அலையில் ஏறி இறங்கும் படகில் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி போன அந்தப் பயணம்தான் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் 'ரைடு'. 2000 ஜனவரி 1-ம் தேதி 133 அடி திருவள்ளுவர் சிலை திறந்தது. 2024 டிசம்பர் 30-ம் தேதி சிலைக்கும் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலமும் திறந்தது.

பூங்கா பிறந்த நாட்டிலும் ஒரு வாசல்

இனி தீம் பார்க் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1895-ல் நியூயார்க் அருகே கோனி தீவில் பால் பாய்ட்டன் என்பவர் ஒரு கடற்சிங்கப் பூங்காவைத் தொடங்கினார். சுற்றிலும் வேலி போட்டு, வாசலில் கட்டணம் வாங்கிய முதல் கேளிக்கைப் பூங்கா அது. அங்கே முக்கிய விளையாட்டே சரிவில் வழுக்கித் தண்ணீரில் வந்து விழும் படகுதான். 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் வந்தது. 1977-ல் ஜார்ஜ் மில்லே ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் 'வெட் அண்ட் வைல்ட்' பூங்காவைத் திறந்தார். முழுக்க முழுக்கத் தண்ணீர் விளையாட்டுக்கென்றே அமைந்த நீர்ப்பூங்காக்களின் வரலாறு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் அந்த நாட்டிலும் தண்ணீருக்கு வாசல் இருந்தது. அங்கே சாதிக்குப் பதிலாக நிறம்! வாஷிங்டன் அருகே உள்ள கிளென் எக்கோ பூங்காவில் கறுப்பர்களை விடவில்லை. 1960-ல் மாணவர்கள் உள்ளே போய்க் குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து போராடினார்கள். கைது செய்யப்பட்டார்கள். 1961-ல் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், டி.வி.யில் விளம்பரம் பார்த்து ஃபன்டவுன் பூங்காவுக்குப் போக ஆசைப்படும் ஆறு வயது மகளிடம், அங்கே கறுப்புக் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற வேதனையையும் எழுதினார். எத்தனையோ பெரிய அநீதிகளுக்கு நடுவே ஒரு பூங்கா டிக்கெட்டையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஒரு குழந்தை தான் தாழ்ந்தவள் என்று முதன்முதலில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படி ஒரு விடுமுறை நாளில்தான்.

1964 ஜூன் 18-ம் தேதி ஃபுளோரிடாவில் புனித அகஸ்டின் நகரில் ஒரு தங்கும் விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்தபோது, உரிமையாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். இரண்டு வாரத்தில், ஜூலை 2-ம் தேதி குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதன் பிறகும் சேர்ந்து குளிக்க மனமில்லாமல் பொது நீச்சல் குளங்களை மூடிவிட்ட ஊர்கள் உண்டு. மகாத்தில் நடந்த 'சுத்தம்' செய்யும் சடங்கும் இங்கே ஊற்றிய அமிலமும் ஒரே மனநிலையில் பிறந்தவைதானே!

பூங்கா தெற்கே வந்த கதை

இந்தியாவில் 1984 நவம்பர் 19-ம் தேதி டெல்லி பிரகதி மைதானத்தில் அப்பு கர் திறந்தது. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான அப்பு யானையின் பெயர் அது. 2008 வரை நடந்தது. மும்பையில் 1989-ல் எஸ்ஸெல் வேர்ல்டும், 1998-ல் வாட்டர் கிங்டமும் வந்தன.

தமிழ்நாட்டு வரலாற்றில் குமரி மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச்சை உருவாக்கிய வி. ஜி. பன்னீர்தாஸ் அழகப்பபுரத்துக்காரர். கன்னியாகுமரிக்குப் பக்கத்து ஊர்! சுலபத் தவணையில் வீட்டுப் பொருட்கள் விற்று வளர்ந்த அந்தச் சகோதரர்கள், நடுத்தரக் குடும்பத்துக்கு ரேடியோவும் கடிகாரமும் மட்டும் அல்லாமல் ஒரு விடுமுறை நாளையும் விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். ஆடாமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்றது சென்னைக்குப் போய்வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும்.

1990-களில் தாம்பரத்தில் கிஷ்கிந்தா வந்தது. அதை அமைத்த நவோதயா அப்பச்சன்தான் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) படத்தைத் தயாரித்தவர். மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரையில் அதிசயம் என்று மற்ற ஊர்களுக்கும் பூங்காக்கள் வந்தன. 2000-ல் கொச்சியில் வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி வீகாலேண்டைத் தொடங்கினார். பின்னாளில் அது வொண்டர்லா ஆனது. குமரி மாவட்டத்துப் பள்ளிகளுக்கு இது கைக்கெட்டும் தூரம். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கொச்சி. 'எக்ஸ்கர்ஷன்' என்றாலே வீகாலேண்ட் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. இந்த வரிசையில்தான் 2000-களில் கன்னியாகுமரியிலேயே பே வாட்ச் வந்தது. அதனுடன் மெழுகுச் சிலை அருங்காட்சியகமும் வந்தது. மூன்று கடல் சேரும் ஊரில், கடலைப் பார்த்தபடியே ஒரு செயற்கைக் கடல்!

உள்ளே ஒரு நாள்

அந்தச் செயற்கைக் கடல் எப்படி அலையடிக்கிறது? அலைக்குளத்தின் ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் காற்று அறைகள் இருக்கும். பெரிய விசிறிகள் அந்த அறைகளுக்குள் காற்றை அழுத்தி அடிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தள்ளப்படும். காற்றை விட்டதும் தண்ணீர் திரும்பி வரும். இதையே சீரான இடைவெளியில் செய்தால் அலை எழும்பும். சரிவான தரையில் ஏறி வந்து உடையும். சறுக்குகள் கண்ணாடி இழையில் செய்தவை. மேலிருந்து பம்பு தள்ளும் தண்ணீர்தான் உடம்புக்கும் சறுக்குக்கும் நடுவே உராய்வைக் குறைக்கிறது. தண்ணீர் திரும்பத் திரும்ப வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து சுற்றி வருகிறது.

மோட்டாரை விட முக்கியமான ஒரு விஷயம் அங்கே நடக்கிறது. யாரென்றே தெரியாத நூறு பேர் ஒரே தண்ணீரில் நிற்கிறார்கள். அலை வந்தால் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். ஒருவர் வாயில் பட்ட தண்ணீர் இன்னொருவர் முகத்தில் தெறிக்கிறது. யாரும் யாரிடமும் ஊர், பெயர், குலம் கேட்பதில்லை. இத்தனை அடி தள்ளி நில் என்று சொன்ன அதே மண்ணில் இது நடக்கிறது! முத்திரிக் கிணற்றைத் தோண்டியவர்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் எல்லாம் மாறிவிட்டதா? உடைக்கு இங்கேயும் விதி உண்டு. பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடைதான் போட வேண்டும். காரணம் நியாயமானது. ஆனால் சேலை கட்டிய அம்மாக்களும் பாட்டிகளும் பெரும்பாலும் கரையிலேயே உட்கார்ந்து, பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்கிறார்கள். குளத்தில் தனிப் படித்துறையிலாவது இறங்கி நீந்திய பெண் இங்கே பிள்ளைகள் நீந்துவதைப் பார்க்கிறாள். வெளிச் சாப்பாட்டுக்குப் பல பூங்காக்களில் அனுமதி இல்லை என்பதால் கட்டுச்சோறும் போய்விட்டது.

பெரிய மாற்றம் வாசலில்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு டிக்கெட், பஸ் செலவு, லாக்கர், உடை வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம் காலி. ரப்பர் பால் வெட்டும் குடும்பத்துக்கும் கட்டுமரத்தில் போகும் குடும்பத்துக்கும் அது ஆண்டுக்கு ஒரு முறையோ, வாழ்நாளில் ஒரு முறையோ. டிக்கெட் சாதி பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் அது பணத்தைப் பார்க்கிறது. பணம் யாரிடம் சேர்ந்தது என்பதில் பழைய வாசல்களுக்கும் பங்கு உண்டு.

கடல் விளையாட்டுப் பிள்ளை அல்ல

காசு இல்லாதவர்களுக்குக் கடல் இருக்கிறதே என்று சொல்லலாம். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், குளச்சல் என்று கடற்கரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26-ம் தேதியை இந்த மாவட்டம் மறக்க முடியாது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறை. சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகள் சிதைந்தன. மாவட்டத்தில் சுமார் 800 பேர் இறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்குப் போன நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் கரை திரும்ப முடியாமல் தவித்தார்கள். அவர்களைக் கொண்டு வந்து சேர்த்ததில் மீனவர்களின் படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

சுனாமி இல்லாத நாளிலும் கடல் ஆபத்தானதுதான். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். திடீரென்று சீறி எழும் அலையைத் தென்கரை மக்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். அலைக்குளத்தில் மோட்டாரை நிறுத்தினால் அலை நிற்கும். காவலர் விசில் ஊதினால் எல்லோரும் கரையேறுவார்கள். கடலுக்கு விசில் கிடையாது. பூங்காவின் டிக்கெட்டில் அந்தப் பாதுகாப்பின் விலையும் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படியானால் காசு இல்லாத பிள்ளைக்குப் பாதுகாப்பான தண்ணீர் எங்கே?

ஒரு காலத்தில் அது ஊர்க் குளமாக இருந்தது. இன்று பல குளங்கள் தூர்ந்துவிட்டன. பல குளங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, சாக்கடை வந்து சேர்கிறது. 1936-ல் கோயில் கதவுகள் திறந்தன. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் எல்லோருக்கும் பொதுவாக வேண்டிய குளம், இறங்கவே முடியாத குளமாகிக்கொண்டு போகிறது. எல்லோருக்கும் திறந்துவிட்டு யாருக்கும் பயனில்லாமல் விட்டுவிடுவதும் ஒரு வகையில் மூடுவதுதான்.

முடிவாக...

"குளிக்கதுக்குமா டிக்கெட்டு?" என்ற பாட்டியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இந்த மண்ணில் தண்ணீருக்கு எப்போதுமே ஏதாவது ஒரு டிக்கெட் இருந்திருக்கிறது. முதலில் அது பிறப்பு. அந்த டிக்கெட்டை எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. இப்போது அது பணம். இதைச் சிலரால் வாங்க முடியும், பலரால் முடியாது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது நியாயம் அல்ல. இரண்டாவது வாசலில் நிற்கும் பிள்ளை, தான் தாழ்ந்தவன் என்று நினைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நூறாண்டுப் போராட்டம் வாங்கித் தந்தது அதைத்தான்.

மீதி வேலை எளிமையானது. ஒரு மாவட்டத்தில் தீம் பார்க் இருக்கட்டும். திற்பரப்பு போலச் சிறு கட்டணத்தில், காவலோடு, சுத்தமாகக் குளிக்கும் இடங்களும் இருக்கட்டும். ஊருக்கு ஒரு குளமாவது தூர்வாரி, பிள்ளைகள் இறங்கி நீந்தப் பழகும் நிலையில் இருக்கட்டும். அப்போது விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டால், ஏழைப் பிள்ளையும் யோசிக்காமல் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லும்.